கனவு காணுமா கம்ப்யூட்டர்?

தேனாம்பேட்டை சிக்னலில் பஸ் நிற்கிறது.

ஜன்னல் ஓரம் ஒரு கல்லூரி மாணவர். கையில் செல்போன். அதில் நாலு வரி தட்டுகிறார்.

"மவுண்ட் ரோட்டில் கடல் புகுந்துவிட்டது. பஸ்கள் மீன்களாக நீந்துகின்றன. கண்டக்டர் விசில் ஊதினால் முத்து உதிர்கிறது. வானத்தில் நிலா இல்லை, இட்லி இருக்கிறது!"

சிவப்பு விளக்கு பச்சையாவதற்குள் படம் வந்துவிடுகிறது.

கடல் இருக்கிறது. மீன் பஸ் இருக்கிறது. வானத்தில் ஆவி பறக்கும் இட்லியும் இருக்கிறது!

பக்கத்தில் இருக்கும் பெரியவர் எட்டிப் பார்க்கிறார்.

"படம் நல்லா இருக்கே! யார் தம்பி வரைஞ்சது?"

"நான்தான் சார்... இல்லை, போன்தான் வரைஞ்சது."

இப்படித் தடுமாறுகிறவர் அந்த மாணவர் மட்டும் அல்ல. பெரிய பெரிய கோர்ட்டுகளே இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கின்றன. படம் வரைந்து பிழைக்கிறவர்கள் வீட்டில் உலை கொதிப்பதும் கொதிக்காததும் இதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்து இருக்கிறது. ஆகவே இதைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது.

யானை கேட்ட ஓவியர்

இட்லி நிலா, மீன் பஸ் போன்ற படங்களுக்கு ஒரு பெயர் உண்டு. சர்ரியலிசம் என்பார்கள். கனவில் வருவதுபோல, சேராத பொருள்களைச் சேர்த்து வரைவது.

1924-ம் ஆண்டு பாரீஸ் நகரில் ஆந்திரே பிரெத்தோன் என்ற கவிஞர் இதற்காக ஓர் அறிக்கை எழுதினார். அறிவு குறுக்கே வந்து அதட்டக் கூடாது. மனம் போகிற போக்கில் கை போகவேண்டும் என்பது அவர் கட்சி.

இந்தக் கூட்டத்தில் பெரும் புகழ் பெற்றவர் சால்வடார் டாலி. (நம் ஊர்த் தாலி அல்ல. ஸ்பெயின் தேசத்துக்காரர்.) 1931-ல் அவர் வரைந்த ஒரு படத்தில் கடிகாரங்கள் வெயிலில் உருகிய வெண்ணெய்போல் தொங்குகின்றன. அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது.

டாலி கனவு பிடிக்க ஒரு தந்திரம் சொன்னார். நாற்காலியில் சாய்ந்து உட்காரவேண்டும். விரல்களுக்கு நடுவே ஒரு பெரிய சாவியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கீழே ஒரு தட்டைக் கவிழ்த்து வைக்கவேண்டும். கண் சொருகியதும் சாவி நழுவும். தட்டில் 'டங்' என்று விழும். விழிப்பு வரும். அந்த நொடியில் கண்ணுக்குள் என்ன தெரிந்ததோ அதை வரையவேண்டும்!

இவருக்கும் நம் நாட்டுக்கும் ஒரு வேடிக்கையான தொடர்பு உண்டு. 1967-ல் ஏர் இந்தியா கம்பெனி அவரிடம் சிகரெட் சாம்பல் தட்டு ஒன்றை வடிவமைத்துத் தரும்படி கேட்டது. அவர் வடிவமைத்தார். நேராகப் பார்த்தால் அன்னம். தலைகீழாகப் பார்த்தால் யானை. கூலி என்ன வேண்டும் என்று கேட்டார்கள்.

"ஒரு யானைக் குட்டி வேண்டும்" என்றார் டாலி.

கொடுத்தார்கள்! பெங்களூரில் இருந்து ஒரு குட்டி யானை விமானம் ஏறி ஐரோப்பா போய்ச் சேர்ந்தது.

இப்போது கதை கம்ப்யூட்டருக்கு வருகிறது. 2021-ம் ஆண்டு ஜனவரி மாதம் அமெரிக்காவின் ஓப்பன்ஏஐ நிறுவனம், வார்த்தையைச் சொன்னால் படம் தரும் ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாட்டை அறிவித்தது. அதற்கு வைத்த பெயர் 'டால்-ஈ'. டாலியின் பெயரையும் 'வால்-ஈ' என்ற சினிமா எந்திர மனிதனின் பெயரையும் சேர்த்துக் கட்டிய பெயர் அது.

டாலி கூலியாக யானை கேட்டார். டால்-ஈ யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அதற்குத் தீனி போட்டவர்களும் கேட்கவில்லை. தகராறு அங்கேதான் தொடங்குகிறது.

585 கோடி படங்கள்

எந்திரம் எப்படி வரைகிறது? பூதம் ஒன்றும் உள்ளே இல்லை.

முதலில் அதற்குப் படங்களைக் காட்டவேண்டும். ஒவ்வொரு படத்துடனும் அது என்ன படம் என்று சொல்லும் ஒரு வரி இருக்கும். 'பூனை', 'மழையில் குடை', 'மணப்பெண்' என்று. இப்படிப்பட்ட ஒரு தொகுப்பு 2022-ல் வெளிவந்தது. அதில் இருந்த படங்கள் 585 கோடி! விநாடிக்கு ஒரு படம் என்று, ஊண் உறக்கம் இல்லாமல் ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தாலும் முடிப்பதற்கு 185 வருஷம் ஆகும். இன்டர்நெட்டில் கிடந்த படங்களை எல்லாம் வலை போட்டு அள்ளிச் சேர்த்த பட்டியல் அது. அதே ஆண்டு வெளியான 'ஸ்டேபிள் டிஃப்யூஷன்' என்ற எந்திர ஓவியன் அந்தப் பட்டியலில் ஒரு பகுதியைப் பார்த்துப் பழகியவன்.

அடுத்தது பயிற்சி. ஒரு நல்ல படத்தின்மேல் புள்ளிகளைத் தூவுவார்கள். இன்னும் தூவுவார்கள். பழைய டெலிவிஷன் பெட்டியில் நிலையம் அகப்படாதபோது தெரியுமே, அந்த இரைச்சல் புள்ளிபோலப் படம் கெட்டுவிடும். "இந்தப் புள்ளிகளை நீக்கு" என்று எந்திரத்துக்குக் கட்டளை. கோடிக்கணக்கான முறை இதையே செய்து செய்து, எந்தப் புள்ளியை எடுத்தால் பூனை வரும், எதை எடுத்தால் குடை வரும் என்று அது பழகிக்கொள்கிறது.

கடைசியில் வெறும் புள்ளிகளை மட்டும் கொடுத்து, "இதற்குள் இட்லி நிலா இருக்கிறது, கண்டுபிடி" என்கிறார்கள். எந்திரம் நம்பிவிடுகிறது! புள்ளிகளை நீக்கி நீக்கி, இல்லாத இட்லியை எடுத்துவிடுகிறது.

சுண்ணாம்பு உதிர்ந்த சுவரில் குழந்தை குதிரை பார்க்கும். மேகத்தில் யானை பார்க்கும். இதுவும் அதுமாதிரிதான். ஒரு வித்தியாசம். குழந்தை குதிரையைப் பார்த்தால் சிரிக்கும். எந்திரத்துக்கு இட்லியும் ஒன்றுதான், இடியும் ஒன்றுதான்.

தாடிக்கார இந்தியர்

2023-ம் ஆண்டு 'ரெஸ்ட் ஆஃப் வேர்ல்டு' என்ற பத்திரிகை ஒரு சோதனை செய்தது. 'மிட்ஜர்னி' என்ற எந்திர ஓவியனிடம் 'ஓர் இந்தியர்' என்று சொல்லி 100 படங்கள் வரையச் சொன்னது.

வந்தது என்ன? கிட்டத்தட்ட எல்லாப் படத்திலும் தாடி வைத்த கிழவர்! பெரும்பாலும் தலைப்பாகை. 140 கோடிப் பேர் உள்ள நாட்டில் பூக்காரி இல்லை, ஆசிரியை இல்லை, டீக்கடைப் பையன் இல்லை.

எந்திரத்தைத் திட்டிப் பயன் இல்லை. அது பார்த்த படங்களில் இந்தியர் என்று எழுதியிருந்தவை அதிகமாக அப்படித்தான் இருந்திருக்கும். அதிகமாக எது இருக்கிறதோ அந்தப் பக்கம் அது சாயும். தராசுத் தட்டைப்போல.

விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. விசித்திரமான படம் இன்று மலிவாகிவிட்டது. சிறகு முளைத்த யானை, கடலுக்கு அடியில் கோவில், கண்ணாடியால் செய்த புலி என்று எதுவும் நிமிஷத்தில் வரும். ஆனால் ஆயிரம் படத்தை வரிசையாகப் பார்த்தால் அலுத்துவிடுகிறது. எல்லா விசித்திரமும் ஒரே ஜாடையில் இருக்கிறது. ஏன் என்றால் கனவு கண்டவர் யாரும் உள்ளே இல்லை.

புள்ளியும் கோடும்

கம்ப்யூட்டருக்குப் படம் சொல்லிக் கொடுக்கும் வேலை சென்னைக்குப் புதிது அல்ல.

தாம்பரத்தில் உள்ள சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி என்ற கணித அறிஞர்கள் இருந்தார்கள். கணவனும் மனைவியும். அவர்களும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எதைப் பற்றி? கோலத்தைப் பற்றி! வாசலில் போடும் கோலத்துக்கு இலக்கணம் வகுத்து, அதைக் கம்ப்யூட்டர் புரிந்துகொள்ளும் விதியாக மாற்றிக் காட்டினார்கள். வெளிநாட்டு விஞ்ஞானிகள் அதைப் படித்து வியந்தார்கள்.

விதி தெரிந்தால் கம்ப்யூட்டர் கோலம் போட்டுவிடும். நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி, சிக்கு எல்லாம் போடும். ஆனால் மார்கழி மாதம் விடியற்காலையில் வாசல் தெளித்துவிட்டுக் குனிகிற பெண், 15 புள்ளி வைத்தபிறகு, "இன்றைக்கு மயிலுக்குப் பதிலாக மாங்காய் போடலாம்" என்று சட்டென்று மாற்றுகிறாளே, அந்த மாற்றம் எங்கிருந்து வந்தது? கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. "கை போச்சு, போட்டேன்" என்பாள்.

இந்தக் 'கை போச்சு' என்பதைத்தான் படித்தவர்கள் உள்ளுணர்வு என்கிறார்கள்.

ஜெமினி மூலையில் ஒரு கற்பனை

தேனாம்பேட்டையில் இருந்து வடக்கே நடந்தால் கொஞ்ச தூரத்தில் மேம்பாலம் வரும். 1973-ல் கட்டியது. ஊர் அதை ஜெமினி பாலம் என்றே சொல்கிறது. பாலத்துக்குப் பெயர் கொடுத்த ஜெமினி ஸ்டூடியோ இப்போது அங்கே இல்லை. ஓட்டலும் கட்டடங்களும்தான் இருக்கின்றன.

அந்த ஸ்டூடியோவில் எடுத்து, 1948-ல் இரண்டு படங்கள் வெளிவந்தன.

ஒன்று எல்லோருக்கும் தெரியும். எஸ்.எஸ்.வாசனின் 'சந்திரலேகா'. மாபெரும் முரசுகள். மேலே நூற்றுக்கணக்கான பெண்கள் ஆடுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்கு உள்ளே இருந்து கத்தியுடன் வீரர்கள் பாய்கிறார்கள்! தமிழ்நாட்டையும் வடநாட்டையும் ஒருசேர மயக்கிய காட்சி அது.

மற்றொன்று பலருக்குத் தெரியாது. நடனமேதை உதயசங்கர் எடுத்த ஒரே படம். பெயர் 'கல்பனா'. கற்பனை என்று பொருள். காமிரா, தமிழ்ப் பட உலகின் மேதை கே.ராம்நாத். நாட்டியப் பேரொளி பத்மினி முதன்முதலாகத் திரையில் தோன்றியதும் இந்தப் படத்தில்தான்.

படம் முழுவதும் கனவு. ஓர் எழுத்தாளர் தன் கதையை ஒரு பட முதலாளியிடம் சொல்கிறார். சொல்லச் சொல்ல அது நடனமாக விரிகிறது. நிழல் ஆடுகிறது. கைகள் மட்டும் ஆடுகின்றன. ஒரு நடனத்தில் தொழிலாளிகள் எந்திரத்தின் முன் வேலை செய்கிறார்கள். பார்த்துக்கொண்டே இருக்கும்போது அவர்களுடைய கையும் காலும் எந்திரத்தின் சக்கரமும் நெம்புகோலுமாக மாறிவிடுகின்றன. மனிதன் எது, எந்திரம் எது என்று பிரிக்க முடியவில்லை! 1948-ல் ஜெமினி மூலையில் ஆடிய ஆட்டம் இது.

கதையின் முடிவில் முதலாளி என்ன செய்கிறார்? வேண்டாம் என்று விரட்டிவிடுகிறார். உண்மையிலும் அப்படியே ஆயிற்று. படம் ஓடவில்லை. 64 வருஷம் கழித்து, 2012-ல், பழுது நீக்கிய பிரதியை பிரான்சில் கான் நகரத் திரைப்பட விழாவில் காட்டினார்கள்.

முகத்தில் பச்சை வர்ணம்

ஸ்டூடியோவில் கனவு கண்டவர்கள் பெயர் திரையில் வந்தது. அதே மவுண்ட் ரோட்டில் வெயிலில் சாரம் ஏறி நின்று கனவு தீட்டியவர்களின் பெயர் எங்கும் வரவில்லை. அவர்கள் சினிமா பேனர் ஓவியர்கள்.

அந்தக் காலத்தில் அவர்களுக்குச் சினிமா கம்பெனி கொடுப்பது சின்னஞ்சிறு கறுப்பு வெள்ளைப் போட்டோ. அதன்மேல் கட்டம் போடுவார்கள். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியிலும் அதே கணக்கில் பெரிய கட்டம் போடுவார்கள். கட்டம் கட்டமாக உருவத்தைப் பெரிது செய்வார்கள். உடம்பும் சட்டையும் எழுத்தும் சீடப் பிள்ளைகள் வேலை. முகம் மட்டும் குருநாதர் கைவேலை.

1957-ல் வெளிவந்த 'வணங்காமுடி' படத்துக்குச் சித்ரா தியேட்டரில் சிவாஜி கணேசனுக்கு 80 அடி உயரத்தில் 'கட்-அவுட்' வைத்தார்கள். ஊரே அண்ணாந்து பார்த்தது.

சரி, போட்டோ கறுப்பு வெள்ளை. வர்ணத்தை எங்கே எடுத்தார்கள்?

மனதில் இருந்து எடுத்தார்கள்!

கதாநாயகியின் கன்னத்தில் ரோஜா நிறம். நெற்றியில் நீலம். வில்லன் முகத்தில் பச்சை. எந்த மனிதனுக்கும் முகம் பச்சையாக இருப்பது இல்லை. ஆனாலும் அந்தப் பச்சையைப் பார்த்ததும், "ஐயோ, இவன் பொல்லாதவன்" என்று ரோட்டில் போகிற குழந்தைக்கும் தெரிந்தது. பாரீஸ் நகரத்து அறிக்கை எதையும் அந்த ஓவியர்கள் கேள்விப்பட்டிருக்க வேண்டியது இல்லை. ஆனால் மவுண்ட் ரோடு நெடுகக் கனவுச் சித்திரத்தைத்தான் மாட்டினார்கள்.

பிறகு கம்ப்யூட்டர் பிரிண்ட் வந்தது. பிளெக்ஸ் என்றார்கள். பத்து நாள் வேலை ஒரு ராத்திரியில் முடிந்தது. விலையும் குறைவு. 2000-ம் ஆண்டுக்குப் பிறகு சில வருஷங்களுக்குள் கைப்பேனர் மறைந்துபோயிற்று. 2009-ல் சென்னை மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டரைக் கிழித்துவிட்டு ஓவியம் தீட்டச் செய்தது. பேனர் ஓவியர்கள் பலருக்கு அது கொஞ்ச காலம் கஞ்சி ஊற்றியது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிளெக்ஸ் வந்தபோது கைக்கு வேலை போயிற்று. டிசைன் போடும் பையன்களுக்கு வேலை கிடைத்தது. இப்போது வந்திருக்கும் எந்திரம் அந்தப் பையன்களின் நாற்காலியைக் கேட்கிறது. கல்யாணப் பத்திரிகை, பட்டாசு லேபிள், புத்தக அட்டை, கடைத் திறப்பு விழா நோட்டீஸ் என்று எல்லாவற்றையும் கடைக்காரரே செல்போனில் செய்து பார்க்கிறார். தொப்பி போட்டவனைத் தொப்பி போட்டவன் துரத்துவதுபோல இருக்கிறது கதை.

தொப்பிக்காரர் ராமானுஜம்

தொப்பி என்றதும் இன்னொருவர் நினைவு வருகிறது. சென்னை ஓவியர் கே.ராமானுஜம். சென்னை அரசு ஓவியப் பள்ளியில் கே.சி.எஸ்.பணிக்கரிடம் படித்தவர். பணிக்கரும் மாணவர்களும் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரை ஓரம் அமைத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வாழ்ந்தவர்.

அவருக்குப் பேச்சு சரளமாக வராது. பணமும் கிடையாது. ஆனால் பேனா மையில் கோடு கோடாக ஒரு பட்டணமே கட்டினார். கோபுரம்மேல் கோபுரம். வளைந்து நெளியும் நாகம். இறக்கை உள்ள பெண்கள். அந்த அரண்மனைகளுக்கு நடுவே, தொப்பி போட்ட சின்ன மனிதர் ஒருவர். அவர் வேறு யாரும் அல்ல, ராமானுஜமே! நிஜத்தில் கிடைக்காத மாளிகையில் படத்தில் குடியேறிக்கொண்டார்.

1973-ல் இளம் வயதிலேயே மறைந்துவிட்டார்.

'கோபுரம், நாகம், இறக்கை முளைத்த பெண், தொப்பிக்காரர்' என்று இன்று எந்திரத்திடம் சொன்னால் அழகான படம் வரும். தவறே இருக்காது. ஆனால் அந்தத் தொப்பிக்காரருக்கு வீடு வேண்டும் என்ற ஏக்கம் இருக்காது.

நல்ல ஓவியர் என்ன செய்கிறார்?

அப்படியானால் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு நல்ல படம் செய்யவே முடியாதா? முடியும். செய்கிறார்கள்.

2018-ல் டெல்லியில் 'நேச்சர் மோர்ட்' என்ற ஓவியக்கூடத்தில் செயற்கை அறிவு ஓவியங்களுக்கு என்றே ஒரு கண்காட்சி நடந்தது. நம் நாட்டில் அதுதான் முதல் முயற்சி. நம் நாட்டு ஹர்ஷித் அகர்வாலும் வெளிநாட்டு ஓவியர்களும் கலந்துகொண்டார்கள்.

அவர்களில் ஒருவர் இங்கிலாந்துப் பெண்மணி அன்னா ரிட்லர். அவர் இன்டர்நெட்டில் வலை வீசவில்லை. டச்சு நாட்டில் தங்கி, துலிப் பூக்களைத் தானே வாங்கி, ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்தார். எத்தனை? 10 ஆயிரம்! ஒவ்வொன்றின் கீழும் என்ன நிறம், என்ன வகை என்று தன் கையால் எழுதினார். அதைத் தின்று வளர்ந்த எந்திரம் பூத்த பூக்கள், அவருடைய கண் பார்த்த பூக்கள்.

இன்னும் எளிய வழியும் உண்டு. அனுபவப்பட்டவர்கள் ஐம்பது படம் வரவழைத்து நாற்பத்தொன்பதைத் தள்ளுகிறார்கள். எந்திரம் செய்த ஒரு தப்பு சில சமயம் அழகாக அமைந்துவிடும். ஆறாவது விரல் மரக்கிளைபோல் நீண்டிருக்கும். மற்றவர் அழித்துவிடுவார். கலைஞர் அதைப் பிடித்துக்கொண்டு, "இந்த விரலில் ஒரு குருவி உட்காரட்டும்" என்பார். பிறகு கையாலும் வரைவார், வெட்டுவார், ஒட்டுவார். எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்று சொல்லும் அந்த மனக்குரல் எந்திரத்துக்குச் சொந்தம் அல்ல. கோலம் போட்ட பெண்ணின் 'கை போச்சு' அதுதான்.

முடிவு மாறிய சினிமா

கனவு யாருடையது என்ற சண்டை 2025-ல் தமிழ்ப்பட ரசிகர்கள் வீட்டு வாசலுக்கே வந்தது.

தனுஷ் நடித்த 'ராஞ்சனா' என்ற இந்திப் படம் 2013-ல் வந்தது. தமிழில் 'அம்பிகாபதி'. கதாநாயகன் கடைசியில் இறந்துபோவான். 2025 ஆகஸ்ட் 1-ந் தேதி அந்தத் தமிழ்ப் படத்தைத் திரும்பவும் திரையிட்டார்கள். கதாநாயகன் பிழைத்து எழுந்தான்! படத்தின் உரிமையை வைத்திருந்த நிறுவனம் செயற்கை அறிவைக் கொண்டு முடிவை மாற்றிவிட்டது.

டைரக்டர் ஆனந்த் எல்.ராய் கொதித்தார். தன்னைக் கேட்காமல் செய்தது என்றார். படத்தின் உயிரையே எடுத்துவிட்டார்கள் என்று தனுஷ் வருந்தினார். 'சுபமாக முடிந்தால் நல்லதுதானே' என்று நினைத்தவர்களும் இருப்பார்கள். ஆனால் ஒருவர் கண்ட கனவுக்கு மற்றொருவர் முடிவு எழுதலாமா?

தேனாம்பேட்டைக்கு நெருக்கமான வேறு ஒரு செய்தியும் உண்டு. இங்கே அண்ணா அறிவாலயத்தைத் தலைமை நிலையமாகக் கொண்ட தி.மு.க.வின் தலைவராக இருந்தவர் மு.கருணாநிதி. 2018-ல் மறைந்தார். 2024 ஜனவரியில் டி.ஆர்.பாலுவின் புத்தக வெளியீட்டு விழாவில், கறுப்புக் கண்ணாடியும் மஞ்சள் துண்டுமாகத் திரையில் தோன்றி வாழ்த்துப் பேசினார்! அடுத்த மாதம் அ.தி.மு.க., மறைந்த ஜெயலலிதாவின் குரலில் ஒரு பேச்சை வெளியிட்டது. இரண்டையும் செய்தது கம்ப்யூட்டர். கேட்டவர்களுக்கு அது செயற்கை என்று தெரியும். தெரியாதபடி ஒருவர் செய்தால்?

அதனால்தான் மத்திய அரசு 2026 பிப்ரவரியில் விதியைத் திருத்தியது. செயற்கையாகச் செய்த படம், குரல், காட்சி என்றால் அதன்மேல் அப்படியே குறிப்பிட வேண்டும். மருந்துப் புட்டியில் சீட்டு ஒட்டுவதுபோல.

கூலி யாருக்கு?

சட்டத்தில் மற்றொரு முடிச்சு. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. 1994-ல் அதில் ஒரு வரி சேர்த்தார்கள். கம்ப்யூட்டர் உருவாக்கிய படைப்புக்கு, அது உருவாகக் காரணமாக இருந்த ஆளே ஆசிரியர் என்று. எந்திரங்கள் இப்படி வரையும் என்று யாரும் கனவிலும் நினைக்காத காலத்தில் எழுதிய வரி அது!

அமெரிக்காவில் வேறு மாதிரி. மனிதன் படைக்காத எதற்கும் உரிமை கிடையாது என்று வாஷிங்டன் அப்பீல் கோர்ட்டு 2025 மார்ச்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

இது படம் செய்கிறவருக்கான உரிமை. எந்திரம் பார்த்துப் படித்த படங்களை வரைந்தவர்களுக்கு என்ன? 2025 மார்ச் மாதம் நினைவிருக்கும். வீட்டுக்கு வீடு குடும்பப் போட்டோவை ஜப்பானிய 'ஜிப்லி' கார்ட்டூன்போல மாற்றி மகிழ்ந்தார்கள். தாத்தாவும் பேரனும் பெரிய கண்ணோடு அழகாக இருந்தார்கள். அந்தக் கண்ணை வரையப் பல்லாண்டுகள் உழைத்த ஜப்பானிய ஓவியர்களுக்கு அதில் சல்லிக்காசு போகவில்லை.

2025 டிசம்பரில் மத்திய அரசு அமைத்த குழு ஒரு யோசனை சொன்னது. கம்பெனிகள் படைப்புகளைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளட்டும், தடுக்க வேண்டாம். ஆனால் அதற்குக் கட்டாயம் பணம் கட்டவேண்டும். அந்தப் பணத்தைப் படைத்தவர்களுக்குப் பங்கிடலாம். இதுதான் யோசனை. பாட்டு எழுதியவருக்கு ராயல்டி கிடைப்பதுபோல.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மவுண்ட் ரோட்டில் பச்சை முகம் தீட்டியவர் தன் படத்தில் கையெழுத்துக்கூடப் போட்டது இல்லை. அதைப் போட்டோ எடுத்தவர் யாரோ. இன்டர்நெட்டில் போட்டவர் யாரோ. பங்கு வாங்க அவர் எந்த ரசீதைக் காட்டுவார்? வாசலில் கோலம் போட்டவள் எந்த அலுவலகத்தில் மனு கொடுப்பாள்? யோசனை சொன்னவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கவேண்டும்.

தேன் சொட்டும் பேட்டை

தேனாம்பேட்டை என்ற பெயர் தெய்வநாயகம்பேட்டை என்பது மருவி வந்தது என்று சொல்வார்கள்.

பள்ளிக்கூடம் போகிற ஒரு குழந்தைக்கு இது தெரியாது. அதன் காதில் விழுவது 'தேன்' ஒன்றுதான். ஒரு வெள்ளைக் காகிதமும் கலர்ப் பென்சிலும் கொடுத்து, "தேனாம்பேட்டை வரைந்து காட்டு" என்றால் என்ன செய்யும்?

விளக்குக் கம்பத்தில் இருந்து தேன் சொட்டும். மேம்பாலம் வழியாகத் தேன் ஓடும். மெட்ரோ ரயில் நிலையத்துக்குள் எறும்புகள் வரிசையாக இறங்கும். எறும்புக்கும் டிக்கெட் உண்டா என்று நடுவில் ஒரு சந்தேகம் வரும். பாட்டியைப் போய்க் கேட்கும். "குட்டி எறும்புக்கு அரை டிக்கெட்" என்று பாட்டி சொல்வாள். உடனே அம்மா எறும்பு, குட்டி எறும்பு, கையில் சின்ன டிக்கெட் எல்லாம் படத்தில் ஏறும்.

மஞ்சள் பென்சில் தீர்ந்துபோகும். குழந்தை எழுந்துபோய்ச் சமையல் அறையில் மஞ்சள் பொடி டப்பாவைத் திறக்கும். கையெல்லாம் மஞ்சள். கவுனெல்லாம் மஞ்சள். அந்தப் படத்தைப் பார்த்து, இதை வரைந்தது யார் என்று எவரும் கேட்கப்போவது இல்லை.